விடைத்தாளை முதலில் பாருங்கள்: அரியர் பற்றிய கேள்வி பதில்

பொறியியல் கல்லூரியில் இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். செமஸ்டர் தவறாமல் விடைத்தாள் திருத்தப் போகிறவன். தேர்வு முடிவு வந்த வாரத்தில், அரியர் (தேர்வில் தவறி மீண்டும் எழுத வேண்டிய தாள்) பற்றி மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளைச் சுருக்கிக் கொடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ஒழுங்குமுறையை மனத்தில் வைத்துத்தான் எல்லாம் சொல்கிறேன். தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கிறவர்கள் தங்கள் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

கேள்வி: சார், இன்டர்னலில் (கல்லூரி போடும் உள்மதிப்பீட்டில்) 40க்கு 33 வைத்திருக்கிறேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் செமஸ்டர் தேர்வில் 100க்கு 41. அதை 60க்கு மாற்றிக் கூட்டினால் 57.6 வருகிறது. பிறகு ஏன் ஃபெயில்?

கூட்டல் சரி, விதிதான் இரண்டு. மொத்தத்தில் 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 விழுக்காடு வேண்டும். உங்கள் 41 அந்த இரண்டாவது வாசலில் நின்றுவிட்டது. இன்டர்னல் 20 மட்டுமே வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. அவர் தேர்வில் 45 வாங்கினால் அது 60க்கு 27 ஆகும். மொத்தம் 47, ஃபெயில். அவர் 50 வாங்கியாக வேண்டும். இன்டர்னல் நிறைய இருப்பவர்கள் "எப்படியும் பாஸ்" என்று கடைசி மாதத்தில் அசந்துபோவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உங்களுக்குக் குறைந்தது நான்கே மதிப்பெண். இரண்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு.

கேள்வி: பிளஸ் டூவில் 600க்கு 561. முதல் செமஸ்டரில் மூன்று அரியர், அதில் கணிதமும் உண்டு. வீட்டில் "கல்லூரிக்குப் போய்க் கெட்டுவிட்டாய்" என்கிறார்கள். நான் படிக்காமல் இல்லை.

நம்புகிறேன் அம்மா. பள்ளியில் ஒரே புத்தகம். அதன் பயிற்சிக் கணக்குகளை ஓராண்டு முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டீர்கள். திருப்புதல் தேர்வு என்று ஆசிரியரும் விடாமல் எழுதவைத்தார். இங்கே ஐந்து யூனிட், நான்கு மாதம்கூட முழுதாகக் கிடைக்காது. திருப்புதல் வைக்க ஆளில்லை. படிக்கிற நேரம் குறையவில்லை, எழுதிப் பார்க்கிற நேரம்தான் காணாமல் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் மாணவர் ஒருவர், கணிதத்தில் தவறியவர், விடைத்தாள் நகலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அணியைத் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டில் போட்டால் பூஜ்ய அணி வரும் என்னும் கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கும் எட்டு மதிப்பெண் கணக்கு. சிறப்பியல்புச் சமன்பாடு காணும்போது ஒரு சிற்றணிக்கோவையில் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. அதற்கப்புறம் அணியைப் பெருக்கியதெல்லாம் சரி. ஆனால் கடைசியில் பூஜ்ய அணி வரவில்லை. பையன் பதறிப்போய் ஒன்றரைப் பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டார். அடித்ததைத் திருத்துகிறவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். அப்படியே விட்டிருந்தால் தேற்றத்தை எழுதியதற்கும் சமன்பாட்டின் வடிவத்துக்கும் பெருக்கலுக்குமாக நான் நாலரையாவது போட்டிருப்பேன். அவர் தவறியது மூன்று மதிப்பெண்ணில்.

ஆகவே, ஒரு தாளிலாவது நகல் வாங்குங்கள். மூன்று நிறப் பேனா எடுத்துக்கொண்டு, தெரியாமல் விட்டது, தெரிந்தும் தவறியது, நேரமில்லாமல் விட்டது என்று பிரித்துக் குறியுங்கள். எந்த நிறம் அதிகமோ அதற்குத்தான் மருந்து. மூன்றுக்கும் ஒரே மருந்தாக "இன்னும் நன்றாகப் படி" என்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கேள்வி: தேர்வுக்கு முந்தைய இரவு நாலைந்து முறை வாசிக்கிறேன். எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. வினாத்தாளைப் பார்த்ததும் வெறுமையாகிவிடுகிறது.

வாசிக்க வாசிக்க வரிகள் பழகிப்போகும். பழகியதைத் தெரிந்தது என்று மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோதோ, வாசித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஒரு பத்தியை வாசியுங்கள், நோட்டை மூடுங்கள், வெள்ளைத்தாளில் எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். எரிச்சல் வந்தால் முறை சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா?

முதலில் நகல், பிறகுதான் மறுமதிப்பீடு. நகலை அந்தப் பாடம் நடத்தும் பேராசிரியரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். 40, 42 என்று விளிம்பில் நின்று, திருத்தாமல் விட்ட விடையோ கூட்டல் பிழையோ கண்ணில் பட்டால் கட்டலாம். 20க்குக் கீழே என்றால் அந்தப் பணத்தில் பழைய வினாத்தாள் தொகுப்பு வாங்குங்கள். ஆய்வகத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். வகுப்பில் சொல்வது ஓரளவு புரிகிறது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

உங்களுக்கு இருப்பது மொழிச் சிக்கல். அறிவுச் சிக்கல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், தயங்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகமே 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. புரிந்த பிறகு, ஒரு யூனிட்டுக்கு இருபது ஆங்கிலச் சொற்றொடர்கள் போதும். வரையறு, வருவி, வேறுபடுத்து என்று கேள்விகள் கேட்கும் வினைச்சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான். அவற்றை முதல் வாரமே பிடித்துவிடுங்கள். விடையில் படம் போடுங்கள், சமன்பாடு எழுதுங்கள், வாக்கியத்தைச் சின்னதாக வையுங்கள். திருத்துகிற எங்களுக்கு நீண்ட ஆங்கில வாக்கியத்தில் ஆசை இல்லை. அம்புக்குறியோடு தெளிவான படம் இருந்தால் அதற்கென்று மதிப்பெண் உண்டு.

கேள்வி: நான்கு செமஸ்டர் முடிந்து சி.ஜி.பி.ஏ. (10க்குக் கணக்கிடும் ஒட்டுமொத்தச் சராசரிப் புள்ளி) 5.9. முடிக்கும்போது முதல் வகுப்புக்கு 6.5 வருமா? 7.5 வந்தால் நல்லது.

கணக்குப் போட்டுவிடலாம். ஒவ்வொரு தாளுக்கும் உள்ள எடைதான் கிரெடிட். மொத்தம் 165 கிரெடிட், இதுவரை 90 முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 90ஐ 5.9ஆல் பெருக்கினால் கையில் இருப்பது 531 புள்ளி. 6.5 வேண்டுமானால் 1072.5 தேவை, மிச்சம் 541.5ஐ 75 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், அதாவது சராசரி 7.2. கஷ்டம்தான், நடக்கும். 7.5 என்றால் சராசரி 9.4; அந்த ஆசையை விடுங்கள். நாலு கிரெடிட் தாளில் ஒரு படி ஏறுவது ஒன்றரைக் கிரெடிட் ஆய்வகத்தில் இரண்டு படி ஏறுவதைவிட லாபம். வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் 60 விழுக்காடும் நிலுவை அரியர் இல்லாமையும் கேட்கும். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதக் குறைந்தபட்ச மதிப்பெண் நிபந்தனை இல்லை, மூன்றாமாண்டிலேயே எழுதலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவு வேலைக்குப் போகிறேன். வருகைப்பதிவு 68.

75 வேண்டும். 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் மருத்துவக் காரணம் போன்றவற்றுக்குச் சான்றோடு விலக்கு கேட்கலாம். வேலை என்பது அந்தப் பட்டியலில் வராது. இன்றே துறைத் தலைவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: நான் தகப்பன். லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பையனுக்கு ஏழு அரியர் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும். கேட்டதிலிருந்து அறையை விட்டு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

ஐயா, அரியரை இந்த வாரம் பேசாதீர்கள். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "கட்டின பணம்" என்ற சொல் வாயில் வரக்கூடாது. தூக்கம் கெட்டிருந்தாலோ, வாழ்வதில் பயனில்லை என்பது போலப் பேசினாலோ அவனைத் தனியாக விடாமல் 14416க்கு அழையுங்கள். டெலிமானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நேராக அரசு மருத்துவமனை. ஏழு அரியரோடு வந்து பட்டம் வாங்கிப் போனவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. அவனிடம் அதைச் சொல்ல நான் தயார், அவன் விரும்பினால்.

கேள்வி: ஐந்து அரியர், இந்த செமஸ்டர் தாள் ஆறு. எதிலிருந்து தொடங்குவது?

இந்த செமஸ்டர் தாள்களிலிருந்து. ஆறாவது அரியர் வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. பழையதில் கணிதம் இருந்தால் அதையும், இப்போதைய தாளுக்கு அடிப்படையாக இருக்கும் இன்னொன்றையும் மட்டும் எடுங்கள். தேர்வு அட்டவணை வந்ததும், ஒரே நாளில் காலையும் மதியமும் இரண்டு தாள் மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் பழையதை அடுத்த முறைக்குத் தள்ளுங்கள்.