முதல் வருடம் கொழும்பு வேண்டாம், மாங்குளம் போதும்

மகள் தரம் 10. கொழும்பு ரோபோ போட்டிக்கு அனுப்பாவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று கேட்கிறீர்கள் அம்மா. மாட்டாள். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் போய், தங்கி, ஓரிரு தரம் ஓடவிட்டுத் திரும்புவதில் பிள்ளை படிப்பது கொஞ்சம்தான்.

இந்தப் போட்டியில் ரோபோ தரையில் உள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்து அதன் மேலேயே ஓட வேண்டும். சில வேளை கோட்டிலிருந்து விலகும். ஏனென்று பார்த்து, ஒன்றை மட்டும் மாற்றி, திரும்ப ஓடவிட வேண்டும். அந்த வாய்ப்பு எத்தனை தரம் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் என்ற மாணவர் ரோபோ போட்டியில் 2009இல் மிச்சிகன் மாநில அணிகளுக்கு, ஒரு பெரிய போட்டிக்குப் பதில் அதே கட்டணத்தில் இரண்டு சிறிய மாவட்டப் போட்டிகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் 12 தகுதிச் சுற்று. முதலாவதில் உடைந்ததைத் திருத்திக்கொண்டு இரண்டாவதுக்கு வரலாம்.

இங்கே அப்படியொரு சிறிய போட்டி வைக்க நாலு பாடசாலை சேர்ந்தால் போதும். இடம் மாங்குளம். ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிவது அங்கேதான். மல்லாவிப் பிள்ளையும் வவுனியாப் பிள்ளையும் காலையில் பஸ் ஏறி, பொழுதுபட முன் வீடு சேரலாம். களத்துக்கு 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை, பளபளக்காத வெள்ளைப் பெயின்ற், 19 மில்லிமீற்றர் கறுப்பு இன்சுலேசன் டேப். வளைவில் டேப்பைச் சிறு துண்டுகளாக ஒட்டுங்கள். இழுத்து வளைத்தால் சுருங்கி எழும்பும்.

"வீட்டில் ஓடியது, மண்டபத்தில் ஓடவில்லை" என்று பிள்ளை கண்கலங்கினால் முதலில் யன்னலைப் பாருங்கள். கோடு பார்க்கும் சென்சர் அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. வெயிலிலும் அதே கதிர் உண்டு. வெயில் விழும் இடத்தில் கறுப்பும் வெள்ளையாகவே தெரியும். சென்சரை நிலத்திலிருந்து 3 முதல் 5 மில்லிமீற்றருக்கு இறக்கி, சுற்றிக் கறுப்பு மட்டை வைத்து, அந்தக் களத்திலேயே அளந்து புரோகிராமில் கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் எல்லை எண்ணை மாற்ற வேண்டும். அடுத்த வில்லங்கம் 9 வோல்ற் சதுரப் பற்றரி. மோட்டார் கிளம்பும்போது அதன் வோல்ற்றளவு விழுந்து, ரோபோவின் மூளையான ஆர்டுயினோ போர்ட் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிள்ளையோ புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருக்கும். இரண்டு 18650 லித்தியம் செல்லைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ற். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் போர்ட் ஏறக்குறைய 2 வோல்ற்றைத் தின்றாலும் 6 வோல்ற் மோட்டாருக்கு மிச்சம் போதும். அதற்குரிய சார்ஜர் கட்டாயம். மலிவென்று கண்டதையும் செருகினால் தீப்பிடிக்கலாம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொப்பியில் மூன்று வரி எழுதட்டும்: என்ன நடந்தது, எதை மாற்றினோம், பிறகு என்ன ஆனது. போட்டிச் சான்றிதழ், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியைக் கூட்டாது. ஆனால் உயர்தரத்தில் கணிதப் பிரிவா, தொழினுட்பப் பிரிவா என்று முடிவெடுக்க அந்தக் கொப்பி உதவும். கணக்குப் பார்த்த பக்கங்கள் கூடவா, வயர் பொருத்திய பக்கங்கள் கூடவா என்று பாருங்கள். இரண்டுக்கும் தூரம் போகத் தேவையில்லை. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழினுட்பப் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன.

சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய ஆறு மாதம் போட்டியே வேண்டாம். அதற்கு முன் இரண்டு சிறிய போட்டிகளில், தொடர்ந்து மூன்று சுற்று கோட்டிலிருந்து விலகாமல் முடித்தால் கொழும்புக்கு அனுப்புங்கள்.