பதில்: அம்மாவை அடிக்கடி தஞ்சாவூருக்கு அனுப்பிவிடுகிறார்கள்

வணக்கம் சகோதரி. கும்பகோணம் முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவை லேசான காய்ச்சலுக்கும் ராத்திரியோடு ராத்திரியாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாவம், அந்த அலைச்சலே அவரைப் படுக்கையில் தள்ளிவிடும்.

பெரும்பாலும் உடம்பு சரியில்லாமல் போகும் முதல் ஓரிரு நாளில்தான் இல்லத்தில் இருப்பவர்கள் அறிகுறிகளைக் கவனிக்காமல் கோட்டை விடுகிறார்கள். தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சம், பகலெல்லாம் தூக்கம், பேச்சில் திடீர்க் குழப்பம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ காய்ச்சலே இல்லாமல்கூட இப்படித் தலைகாட்டும். குளிப்பாட்டிவிடும் ஆயாம்மாவுக்குத்தான் இது முதலில் தெரியும். அவர் சொன்னதும் நர்ஸ் பிபி, சுகர், ஆக்சிஜன் பார்த்து, டாக்டருக்குப் போன் போட வேண்டும். இரவிலும் போன் எடுக்கும் உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அம்மாவின் வழக்கமான பிபி, மாத்திரைகள், சிகிச்சை பற்றி அவருடைய விருப்பம் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுவது, விழுந்து எழ முடியாமல் போவது போன்றவை என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே 108.