வெல்லக்கூடியவருக்கே வாக்களிப்பது சரியா? விகிதாச்சார முறை அதைவிட நியாயமானதா?

கேட்டவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். மனதுக்குப் பிடித்த வேட்பாளர் வெல்ல மாட்டார் என்று தெரிந்தால், வரவே கூடாது என்று நினைப்பவரைத் தோற்கடிக்க வலுவுள்ள வேறொருவருக்கு வாக்களிக்கலாமா என்பது ஒன்று. கட்சிகள் பெறும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பகிர்ந்தளிக்கும் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வந்தால் இந்த நிர்ப்பந்தம் நீங்கி நியாயம் பிறக்குமா என்பது மற்றொன்று. நான் இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவன். பாக் நீரிணையின் இந்தப் பக்கம் ஒரு முறையும் எதிர்க்கரையில் மற்றொரு முறையும் நடைமுறையில் இருப்பதால், இரண்டையும் அருகில் வைத்துப் பார்க்க எங்களுக்கு வாய்ப்பு உண்டு.

முதல் கேள்விக்கு என் பதில் உறுதியானது: அப்படி வாக்களிப்பதில் தவறு எதுவும் இல்லை. ஒரே ஒரு பொத்தானை மட்டும் அழுத்தச் சொல்லும் முறை, "எனக்கு யார் வேண்டும்" என்பதையும் "யார் வரக் கூடாது" என்பதையும் சேர்த்துச் சொல்ல வாக்காளருக்கு இடம் தருவதில்லை. இரண்டில் எது தமக்கு முக்கியம் என்று அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தீர்மானத்துக்கு அவர் யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையிலும், ஒரே நபரின் விருப்பமே எப்போதும் முடிவாகிவிடும் முறையைத் தவிர, உண்மை விருப்பத்தை மறைத்து வாக்களிப்பதால் பயன் கிடைக்கும் சூழல் வரவே செய்யும் என்று ஆலன் கிப்பார்டு 1973இலும் மார்க் சாட்டர்த்வெய்ட் 1975இலும் கணித முறையில் நிறுவினார்கள். ஆகவே குறையை வாக்காளரின் நேர்மையில் தேடுவதை விட்டுவிட்டு, எந்த முறை அவரை எந்த அளவுக்கு இந்த நிலைக்குத் தள்ளுகிறது என்று பார்ப்பதே பொருத்தம்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கின் பெரும்பகுதியைத் தொகுதிப் பங்கீட்டுப் பேச்சிலேயே கட்சித் தலைமைகள் போட்டு முடித்துவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் 2019, 2024 ஆகிய இரு தேர்தல்களிலும் திமுக தன் வேட்பாளரை நிறுத்தாமல் இடத்தை இந்திய யூனியன் முஸ்லிம் லீக்குக்கு ஒதுக்கியது. உதயசூரியனுக்கு வாக்களித்துப் பழகியவர்கள் ஏணிச் சின்னத்துக்கு வாக்களித்தார்கள், இரு முறையும் நவாஸ்கனி வென்றார். 2024இல் அவர் பெற்றவை 5 லட்சத்துக்கும் சற்று அதிகம். சுயேச்சையாக நின்ற ஓ.பன்னீர்செல்வத்துக்கு 3.4 லட்சத்துக்கு மேல் விழுந்தன. அதிமுகவும் நாம் தமிழர் கட்சியும் தனித்தனியே ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றன. வென்றவருக்குக் கிடைத்ததைவிட மற்ற அனைவருக்கும் சேர்த்துக் கிடைத்தவை கூடுதல். மாநில அளவில் பார்த்தால், திமுக கூட்டணி சுமார் 47 சதவீத வாக்குகளுடன் 39 இடங்களையும் பெற்றது. 20 சதவீதத்துக்கு மேல் பெற்ற அதிமுகவுக்கும் 8 சதவீதத்துக்கு மேல் பெற்ற நாம் தமிழருக்கும் ஓர் இடம்கூட இல்லை. 2014இல் இதே கணக்கு மறுபக்கம் சாய்ந்து, சுமார் 44 சதவீத வாக்குகளுடன் அதிமுக 37 இடங்களை எடுத்துக்கொண்டது. எந்தக் கட்சிக்கு ஆதரவானவராக இருந்தாலும், இந்த எண்களை நியாயமானவை என்று ஏற்பது கடினம்.

எதிர்க்கரையில் இதைவிடக் கடுமையாக நடந்திருக்கிறது. இலங்கையில் 1977 வரை நம்மைப் போலவே தொகுதிவாரித் தேர்தல்தான். அந்த ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளுக்கு 168இல் 140 இடங்களைப் பெற்றது. 30 சதவீதத்தை நெருங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டு இடங்கள்தான் கிடைத்தன. ஏழு சதவீதத்தையும் எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணியோ, அதன் வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்ததால், 18 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது. தொகுதி முறையின் இயல்பை இந்த ஒரு தேர்தலே முழுமையாகக் காட்டிவிடுகிறது: எத்தனை பேர் என்பதைவிட எங்கே வசிக்கிறார்கள் என்பதற்குத்தான் அது அதிக மதிப்புத் தருகிறது.

இது எங்கள் கடற்கரைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. தொண்டிப் பக்கம் திருவாடானைத் தொகுதியிலும், இராமேசுவரமும் பாம்பனும் இராமநாதபுரம் தொகுதியிலும், மூக்கையூர்ப் பக்கம் முதுகுளத்தூர்த் தொகுதியிலும் அடங்குகின்றன. மீனவர் வாழ்வது கடலோரம் நீண்டு கிடக்கும் ஒரு குறுகிய பட்டையில்; தொகுதி எல்லைகளோ உள்நாட்டை நோக்கி, கண்மாய்ப் பாசன ஊர்களையும் மிளகாய் விளையும் கரிசல் நிலத்தையும் சேர்த்துக்கொண்டு விரிகின்றன. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் மீனவர் சிறுபான்மையாகவே நிற்கிறார்கள். எல்லைக் கோட்டை வரைந்தவர்கள் தீய நோக்கத்துடன் வரைந்தார்கள் என்று நான் கூறவில்லை. எப்படி வரைந்தாலும் நீண்ட பட்டையாக வாழும் மக்களுக்கு நேர்வது இதுதான். இந்த மாநிலத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உண்டு. மாநிலம் முழுவதையும் ஒரே தொகுப்பாக எண்ணி, கட்சிகள் தரும் வேட்பாளர் பட்டியலிலிருந்து இடங்களை நிரப்பும் பட்டியல் முறையில், தொண்டியில் விழும் வாக்கும் குளச்சலில் விழும் வாக்கும் ஒன்றாகச் சேரும். மீனவர் அனைவரும் ஒரே கட்சிக்கு வாக்களிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த வாக்குகள் சேரும் என்ற வாய்ப்பு இருந்தாலே, பெரிய கட்சிகள் தங்கள் பட்டியலின் மேல்வரிசையில் கடற்கரையைச் சேர்ந்தவரை வைக்க வேண்டிய கட்டாயம் பிறக்கும்.

எனினும் விகிதாச்சாரம் என்ற பெயர் மட்டும் போதாது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்த முறையைக் கொண்டுவந்தது, 1989இல் முதல் பொதுத் தேர்தல் அதன்படி நடந்தது. 225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்டவாரியாகவும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே பெற்ற கட்சிகள் கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன, முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் கூடுதலாக வழங்கப்படுகிறது. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்க தலைமையிலான தேசிய மக்கள் சக்தி பெற்றது ஏறத்தாழ கால் பங்கு வாக்குதான். ஆனால் ஆறு ஆசனங்களில் மூன்று அதற்குச் சென்றன. தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் வாக்குகளைப் பல துண்டுகளாகப் பிரித்துக்கொண்டதும், சிறு துண்டுகள் நீக்கப்பட்டதும், கூடுதல் ஆசனமும் சேர்ந்து இந்த முடிவைத் தந்தன. அங்குள்ள வாக்காளருக்கும் "ஐந்து சதவீதத்தைத் தாண்டுமா" என்ற கணக்கு உண்டு. ஆறு இடங்கள் மட்டுமே உள்ள ஒரு மாவட்டத்தில் வாக்கு விகிதத்தை நுட்பமாகப் பிரதிபலிக்க முடியாது. ஒரு தொகுப்பில் எத்தனை இடங்கள், தகுதி வரம்பு எவ்வளவு என்ற இரண்டும்தான் நியாயத்தின் அளவை நிர்ணயிக்கின்றன.

மற்றொரு இழப்பையும் நான் மதித்துப் பேச விரும்புகிறேன். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை ஒரு விசைப்படகைப் பிடித்துச் செல்லும்போது, குடும்பத்தார் முதலில் போவது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும்தான். அவரால் படகை மீட்டுத் தர முடிகிறதோ இல்லையோ, இந்த மக்களுக்காகப் பேச வேண்டியவர் இன்னார் என்று பெயர் சொல்லிக் கேட்க முடிகிறது. முழுப் பட்டியல் முறையில் அந்தப் பொறுப்பு கரைந்துவிடும். அது மட்டுமல்லாமல், இன்று யாருடன் யார் கூட்டணி என்பது வாக்களிக்கும் முன்பே நமக்குத் தெரியும். விகிதாச்சார முறையில் அந்தப் பேரம் பெரும்பாலும் முடிவுகள் வந்த பிறகே நடக்கும்.

இக்காரணங்களால் கலப்பு முறையையே நான் ஆதரிக்கிறேன். ஒரு வாக்கு தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. நியூசிலாந்து 1993 பொது வாக்கெடுப்பில் இதை ஏற்று 1996இல் முதன்முறையாக நடத்தியது. ஜெர்மனி அதற்கு வெகுகாலம் முன்பே இவ்வழியில் வந்துவிட்டது. இந்த முறையில் பாம்பன் வாக்காளர் ஒருவர், தமக்கு அணுக்கமாக உழைப்பவரைத் தொகுதி வாக்கில் தேர்ந்தெடுத்துவிட்டு, தாம் நம்பும் சிறிய கட்சிக்கு இரண்டாவது வாக்கைத் தயக்கமின்றித் தரலாம். அங்கும் கணக்குப் போடுபவர்கள் உண்டு, கூட்டணிக் கட்சி ஐந்து சதவீத வரம்பைத் தாண்டட்டும் என்று இரண்டாவது வாக்கை இரவல் தரும் வழக்கம் ஜெர்மனியில் பழையது. ஆனாலும் அவர்கள் இழப்பது இரண்டு வாக்குகளில் ஒன்றைத்தான்.

இந்தியாவில் இது புதிய பேச்சு அல்ல. அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜனவரியில் காஜி சையது கரிமுதீன் விகிதாச்சார முறைக்காகத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அன்றைய எழுத்தறிவின் நிலையையும் நிலையான அரசின் தேவையையும் காட்டி அதை மறுத்தார். 1949இல் அந்த மறுப்பு வலுவானது. இன்று முதல் காரணம் இந்தக் கடற்கரையில் எந்த ஊரிலும் பொருந்தாது, இரண்டாவது காரணத்துக்குக் கலப்பு முறை பெருமளவு பதில் தருகிறது. சட்ட ஆணையம் 1999ஆம் ஆண்டின் 170ஆவது அறிக்கையில், மக்களவையின் இடங்களைக் கால் பங்கு உயர்த்தி, கூடுதல் இடங்களைப் பட்டியல் வழியாக நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. மக்களவைக்கான 81ஆவது பிரிவும் சட்டமன்றங்களுக்கான 170ஆவது பிரிவும் தொகுதிகளிலிருந்து நேரடித் தேர்தல் என்று வகுத்திருப்பதால், அரசியலமைப்புத் திருத்தம் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டியவர்கள் இன்றைய முறையில் பயனடைந்து அவைக்கு வந்தவர்களே என்பதால், வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் 170ஆவது அறிக்கையைப் பற்றி அவருடைய கட்சியின் நிலை என்ன என்று நாம் நேரில் கேட்க வேண்டும்.