ரைசன் 5600 பிராசசர் இல்லை, 5500 எடுத்துக்கோங்க என்கிறார் கடைக்காரர்: எடுக்கலாமா?

கேள்வி: கல்யாண வீடியோக்களை பிரீமியர் ப்ரோவில் எடிட் செய்யவும், இடையிடையே கேம் ஆடவும் ஒரு பிசி வேண்டும். ரைசன் 5 5600, பி550 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்று பட்டியல் போட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 5600 ஸ்டாக் இல்லையாம். 5500 அல்லது 5600ஜி, ஏ520 போர்டு, 16 ஜிபி ஒரே ஸ்டிக் என மாற்றித் தருகிறார்களாம். என் கேமரா எச்.265, 10 பிட் 4:2:2 என்ற, நிற விவரம் அதிகமுள்ள வீடியோ வடிவில் பதிவு செய்யும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்று பிராசசரிலுமே 6 கோர், 12 த்ரெட் என்பதால் பெட்டியைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பி. 5500, 5600ஜி இரண்டிலும் 16 எம்பிதான். அவை பிசிஐஇ (பிராசசரையும் கார்டையும் இணைக்கும் பாதை) 3.0-வோடு நின்றுவிடும். ஆர்எக்ஸ் 6600 பயன்படுத்துவதே 8 லேன், 3.0-வில் அந்த லேன்களின் வேகமும் 4.0-வில் பாதியாகும். சாதாரணமாக இது தெரியாது. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும்போதுதான் தெரியும். ஏ520 போர்டும் 3.0தான், நாளைக்கு நல்ல பிராசசர் போட்டாலும் அந்தத் தடை போகாது.

உங்கள் வேலைக்குப் பொருத்தமான மாற்று இன்டெல் ஐ5-12400, பி660 அல்லது பி760 டிடிஆர்4 (ரேம் வகை) போர்டு. 12400எஃப் அல்ல! காசு மிச்சம் என்று எஃப் எடுத்தால், உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போய்விடும். 4:2:2 எச்.265-ஐ டிகோட் செய்வது அதிலுள்ள குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதிதான்; ஆர்எக்ஸ் 6600-க்கு அது முடியாது. ரைசனில் இந்தச் சுமை முழுக்க பிராசசர் தலையில் விழும், டைம்லைன் இழுக்கும். (எச்.264-இல் 4:2:2 பதிவு செய்தால் 12400-உம் உதவாது, எடிட்டிங்குக்கு மட்டும் லேசான நகல் எடுத்துக்கொள்ளும் ப்ராக்ஸிதான் வழி.)

வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. கார்டு இருக்கும்போது பல போர்டுகள் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (பிசி ஆன் ஆகும்போது திறக்கும் போர்டு செட்டிங்ஸ்) 'ஐஜிபியு மல்டி-மானிட்டர்' என்பதை எனேபிள் செய்து, இன்டெல் டிரைவரையும் போடுங்கள். பிறகு பிரீமியரில் பிரிஃபரன்சஸ், மீடியா பகுதிக்குப் போய் ஹார்டுவேர் டிகோடிங்கில் இன்டெல்லை டிக் செய்யுங்கள். மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டிலேயே இருக்கட்டும்.

ரேம் ஒரே ஸ்டிக் கூடவே கூடாது. பாதி பேண்ட்விட்த் வீண். எடிட்டிங்குக்கு 16 ஜிபி இரண்டு போடுங்கள், 3200 வேகம் போதும். 12400-இல் 3600-க்குக் கூடுதல் காசு தண்டம். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கமிருந்து 2, 4-ஆம் ஸ்லாட்டில் மாட்டி, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை பயாஸில் ஆன் செய்யுங்கள்.

கார்டை மாற்ற இடமிருந்தால் ஆர்டிஎக்ஸ் 3060, அதுவும் 12 ஜிபி. அதே பெயரில் வரும் 8 ஜிபி கார்டு வேகத்திலும் குறைவு. 12 ஜிபி கார்டு 170 வாட் இழுக்கும், 6600-க்கு 132. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் இரண்டையும் தாங்கும். 'நல்ல' என்பதை ஸ்டிக்கரில் பாருங்கள்: 12 வோல்ட் லைனில் 45 ஆம்பியர் இருந்தால் 540 வாட், சரி. 30 ஆம்பியர் என்றால் அது 360 வாட் சரக்கு, மேலே 550 என்று எழுதியிருந்தாலும்.

பில்லில் 'ஐ5 12வது ஜென்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். முழு மாடல் எண்ணும் போர்டு டிடிஆர்4 என்பதும் இருக்கட்டும். டிடிஆர்5 போர்டில் உங்கள் ரேம் உட்காரவே உட்காராது.