‘கம்’மா, ‘கோ’வா? – கேள்வி பதில்

ஏற்காட்டில் இருக்கும் மேலாளரிடம் போனில், ‘நாளைக்கு ஏற்காடு வரேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘கோயிங்’ சரியா, ‘கமிங்’ சரியா? – அஸ்தம்பட்டி

‘கமிங்’. பேசுபவரோ கேட்பவரோ இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்தால் ‘கம்’, வேறு இடத்துக்கு ‘கோ’. அதே பயணத்தைச் சேலத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால் ‘கோயிங்’. அவரையும் கூட அழைத்தால் மறுபடி ‘கம் வித் மீ’. யார் எங்கே நிற்கிறார் என்று முதலில் பாருங்கள்.

‘டிட் யூ கேம்?’ தப்பா? – ஓமலூர்

தப்பு. ‘டிட்’ இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, பிறகு ‘கம்’தான். ‘ஹேஸ்’, ‘ஹேவ்’வுக்குப் பின்னாலும் ‘கம்’. ‘பஸ் ஹேஸ் கேம்’ வேண்டாம்.

இன்டர்வியூவில் ‘மைசெல்ஃப், கமிங் ஃப்ரம் சேலம்’ என்றதும் சிரித்தார்கள். ஏன்? – அம்மாப்பேட்டை

சிரித்தது அவர்கள் நாகரிகம். ஆனால் வாக்கியமும் தப்புதான். தமிழில் ‘சேலத்திலிருந்து வரேன்’ சொந்த ஊருக்கும் ஆகும், இன்றைய பயணத்துக்கும் ஆகும். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் சேலம்’ என்றால் ஆள் இன்னும் வழியில் இருக்கிறார். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் பஸ் திணறும்போது, போனில் சொல்ல வேண்டியது அது. நாற்காலியில் உட்கார்ந்தபின் சொல்வதல்ல. சொந்த ஊர் தினமும் மாறாது, அதனால் ‘ஐ கம் ஃப்ரம் சேலம்’ அல்லது இன்னும் எளிதாக ‘ஐ ஆம் ஃப்ரம் சேலம்’. பூர்வீகம் நாமக்கல், குடியிருப்பு சேலம் என்றால் ‘ஐ ஆம் ஃப்ரம் நாமக்கல், பட் ஐ லிவ் இன் சேலம்’. எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் ‘ஐ கேம் பை பஸ்’. நடுவில் ‘த’ கிடையாது. ‘மைசெல்ஃப்’பில் அறிமுகத்தைத் தொடங்காதீர்கள், ‘ஐ ஆம்’ போதும். மனப்பாட நோட்டு விற்கும் பயிற்சி வகுப்புகள் இதையே வருஷா வருஷம் அச்சடிக்கின்றன. காசு கொடுத்துத் தப்பை வாங்க வேண்டுமா?

‘கம்’ அர்த்தம் என்ன?

ஊர் பெயரும் இல்லை, வாக்கியமும் இல்லை. அகராதியைத் திறங்கள். வாக்கியத்தோடு எழுதினால் பதில்.

‘போயிட்டு வரேன்’ – ‘கோ அண்ட் கம்’? – ஆத்தூர்

விடைபெறும்போது ‘பை, சீ யூ’. கடைக்குப் போய் அஞ்சு நிமிஷத்தில் திரும்புவதானால் ‘ஐ வில் பி ரைட் பேக்’. ‘போறேன்’ நமக்குத்தான் அபசகுனம், ‘ஐ ஆம் லீவிங்’ அவர்களுக்கு அல்ல.

‘கரண்ட் வந்துடுச்சு’, ‘கோபம் வந்தது’, ‘காபிச் செடியில் பூ வந்திருக்கு’ – எல்லாம் ‘கம்’தானே? – ஏற்காடு

இல்லை. முறையே ‘த பவர் இஸ் பேக்’, ‘ஐ காட் ஆங்ரி’, ‘த காஃபி இஸ் இன் ப்ளாசம்’. நம் ‘வா’ சுமப்பதையெல்லாம் ‘கம்’ சுமக்காது.

‘ரிடர்ன் பேக்’? – மேட்டூர்

‘ரிடர்ன்’ போதும். ‘பேக்’ அதற்குள்ளேயே இருக்கிறது.