கோயாசான் மலைக் கோயில் விடுதியில் சைவச் சாப்பாடு: பெற்றோரை நம்பி அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: என் பெற்றோர் முட்டைகூடத் தொடாத சைவர்கள். அப்பாவுக்கு 70 வயது. முழங்கால் வலி உண்டு. வரும் நவம்பரில் ஒசாகா, கியோத்தோ பார்த்துவிட்டு, கோயாசான் மலையில் ஓர் இரவு கோயில் விடுதியில் தங்க நினைக்கிறோம். எங்கள் பயண முகவர், "ஜப்பான் பௌத்த நாடு, சைவச் சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், ஆளுக்கொரு ஏழு நாள் ரயில் பாஸ் மட்டும் எடுத்துவிடுங்கள்" என்கிறார். நம்பலாமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: கோயில் விடுதியின் சாப்பாட்டை நம்பலாம். உங்கள் முகவர் சொன்ன மற்ற எதையும் நம்ப வேண்டாம்.

கோயாசான், 816-ஆம் ஆண்டில் சாகா பேரரசரிடமிருந்து குகாய் என்ற துறவி பெற்ற மலை. சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தச் சிற்றூரில் 117 கோயில்கள் இருக்கின்றன; அவற்றில் ஏறக்குறைய ஐம்பது கோயில்கள் யாத்திரிகர்களைத் தங்கவைக்கின்றன. இந்த விடுதிகளுக்கு ஷுகுபோ என்று பெயர். அங்கே பரிமாறப்படும் ஷோஜின் ரியோரி என்னும் துறவியர் சமையலில் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்வதில்லை. உங்கள் அம்மா விரத நாளில் சமைப்பதற்கு இதைவிட நெருக்கமான சாப்பாடு ஜப்பானில் வேறு கிடையாது. சாறு கொம்பு என்னும் கடற்பாசியிலும் ஷிதாகே காளானிலும் எடுக்கப்படும். எள்ளை வெண்ணெய்போல் அரைத்து, குட்ஸு கிழங்கு மாவோடு கைவிடாமல் கிளறி, கட்டியாக உறையவைத்த எள் தோஃபு ஒரு சிறு கிண்ணத்தில் வரும். நாக்கில் வைத்தால் நம் ஊர்ப் பால் அல்வா போலக் கரையும், ஆனால் இனிப்பு இராது.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஷுகுபோ என்ற சொல் தங்குமிடத்தைக் குறிக்கிறதே தவிர, சமையலைக் குறிப்பதில்லை. தோக்கியோவுக்கு மேற்கே மிதாகே மலையிலும் ஷுகுபோக்கள் உள்ளன. அவை ஜப்பானின் மரபு மதமான ஷிந்தோவின் ஆலயத்தைச் சார்ந்தவை, அங்கே மீன் பரிமாறுவது இயல்பு. "கோயாசானில் இடமில்லை, இதே மாதிரி வேறொரு கோயில் விடுதி போட்டுத் தருகிறேன்" என்று முகவர் சொன்னால், ஷோஜின் ரியோரி உண்டா என்று அந்த விடுதியிடமே எழுதிக் கேளுங்கள். ஷுகுபோ என்று எழுதியிருப்பது போதாது. கோயில் என்று எழுதியிருப்பதும் போதாது. உணவின் பெயர் எழுத்தில் வர வேண்டும்.

மலையை விட்டு இறங்கியதும் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. அது பெரும்பாலும் கட்சுஓபுஷியில் எடுக்கப்படுகிறது. தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு என்கிறார்களே, அதற்கு இது உடன்பிறப்பு: அதே சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, மரக்கட்டைபோல் உலர்த்தி, இழைப்புளியில் பலகை இழைப்பதைப் போலச் செதில் செதிலாகச் சீவிக்கொள்கிறார்கள். உதோன், சோபா நூடுல்ஸ் மிதக்கும் சாறு, மிசோ சூப், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு, தோஃபுவின் மேல் ஊற்றும் சாறு என எல்லாவற்றிலும் அது இருக்கும். தெம்புரா மாவில் முட்டையும் சேர்வதுண்டு.

ஒருமுறை நான் அழைத்துச் சென்ற குழுவினருக்காக ஒசாகாவில் ஓர் உதோன் கடையில், மீன் கலந்திருக்கிறதா என்று ஜப்பானிய மொழியிலேயே கேட்டேன். கடைக்காரர் உறுதியாக இல்லை என்று தலையாட்டினார். அவருக்குப் பின்னால், அடுப்பருகே, சாறு வடிகட்டிய துணியில் மீன் செதில்கள் ஈரமாகச் சுருண்டு கிடந்தன. அவர் பொய் சொல்லவில்லை. மீன் என்றால் அவருக்குத் தட்டில் கிடக்கும் துண்டு. தாஷி என்பது வெறும் சுவை. ஆகையால் "மீன் உண்டா?" என்று கேட்பதில் பயனில்லை. "கட்சுஓ தாஷி உண்டா?" என்றுதான் கேட்க வேண்டும். இறைச்சி, மீன், முட்டை, கட்சுஓ தாஷி ஆகிய நான்கும் ஆகாது, கொம்பு தாஷி ஆகும் என்று ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கி, பெற்றோர் இருவரின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் தனித்தனியே வைத்துவிடுங்கள்.

படித்தவர்களே விழும் குழி இன்னொன்று இருக்கிறது. உணவகங்களிலும் பொட்டலங்களிலும் ஒவ்வாமை அட்டவணை காணப்படும். அதில் மீன் குறிக்கப்படவில்லை என்றால் சைவம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜப்பானியச் சட்டம் கட்டாயமாகக் குறிக்கச் சொல்லும் பொருள்களில் முட்டை, பால், கோதுமை, சோபா தானியம், நிலக்கடலை, இறால், நண்டு, அக்ரூட் ஆகியவை வருகின்றன. சூரை மீன் வருவதில்லை. சைவ உணவுக்கென்று 2022-இல் அரசு ஒரு தரக்குறியீட்டை வகுத்தது, ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. இந்தியாவில் பத்து ரூபாய் பிஸ்கெட்டிலும் பச்சைப் புள்ளி இருக்கிறது. இத்தனை ஒழுங்கு நிறைந்த ஒரு நாட்டால் ஒரு புள்ளி வைக்க முடியவில்லை என்பதை ஒவ்வொரு பயணத்திலும் ஆற்றாமையோடுதான் பார்க்கிறேன்.

கியோத்தோவில் ஒரு மதிய உணவை அரஷியாமா பகுதியின் தென்ரியூஜி கோயில் வளாகத்திலுள்ள ஷிகெட்ஸு உணவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் ஷோஜின் ரியோரிதான், மதியம் மட்டும். மற்ற வேளைகளுக்கு இந்திய உணவகங்களும், கன்வீனியன்ஸ் கடைகளில் சூடாக்கித் தின்னக்கூடிய வெறும் சோற்றுப் பொட்டலங்களும் கைகொடுக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையோ பழமோ வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அவற்றை உள்ளே விடமாட்டார்கள்.

ரயில் பாஸுக்கு வருவோம். ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. உங்கள் மூவருக்கும் 1,50,000 யென். ஒசாகாவிலிருந்து கியோத்தோவுக்குச் சாதாரண ரயிலில் அரை மணி நேரம், சுமார் 600 யென். கோயாசானுக்குப் போவது நான்காய் என்னும் தனியார் ரயில். முகவரின் பாஸ் அதில் செல்லவே செல்லாது. நம்பா நிலையத்திலிருந்து, மலையேறும் கேபிள் ரயிலையும் சேர்த்து, ஆளுக்குச் சுமார் 1,500 யென்னில் போய்ச் சேரலாம். இதைத் தெரியாமல் விற்கும் முகவரும் உண்டு, தெரிந்தே தரகுக்காக விற்பவரும் உண்டு. உங்கள் பணத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மேல் நிலையத்திலிருந்து ஊருக்குப் பேருந்தில் போங்கள். அந்தச் சாலையில் நடக்க அனுமதியில்லை.

அறையைக் கோயிலின் சொந்த இணையதளத்திலோ கோயாசான் ஷுகுபோ சங்கத்தின் வழியாகவோ நீங்களே பதிவு செய்யுங்கள். முகவரோ முன்பதிவுத் தளமோ மலிவாகக் காட்டும் அறையில் "இரண்டு வேளை உணவுடன்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கடைகள் மாலை ஐந்து மணிக்கே அடைத்துவிடும் ஊர் அது; வெறும் அறையை எடுத்தவர்கள் இரவு பிஸ்கெட்டோடு படுத்ததை அறிவேன். உணவு மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே வந்துவிடும், எனவே நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். தரையில் பாய்மேல் மெத்தை விரித்துப் படுப்பதும், சம்மணமிட்டு உண்பதும் வழக்கம். அப்பாவுக்கு நாற்காலி வேண்டும் என்று பதிவின்போதே எழுதினால் பல கோயில்களில் தருகிறார்கள். நவம்பரில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும்.

காலை ஆறு மணியளவில் வழிபாடு. சில கோயில்களில் கோமா என்னும் தீ வழிபாடும் நடக்கும்; அது நம் ஹோமம்தான், பெயரும் அதிலிருந்து போனதுதான்.

அறையைக் காலி செய்ததும் பைகளைக் கோயிலிலேயே வைத்துவிட்டு, குகாயின் சமாதி இருக்கும் ஒகுனோயினுக்குப் போங்கள். பழைய பாதை இரண்டு கிலோமீட்டர். அப்பாவுக்கு அது வேண்டாம், ஒகுனோயின் மாயே நிறுத்தம்வரை பேருந்தில் போனால் நடை பாதியாகக் குறையும். 835-இல் தியானத்தில் அமர்ந்த குகாய் இன்னும் அங்கே அமர்ந்திருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஜீவசமாதி என்றால் உங்கள் பெற்றோருக்கு உடனே விளங்கும். அவருக்கு நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் சோறு போகிறது. முதலில் சுவை பார்க்கும் ஜிசோ என்னும் போதிசத்துவரின் சன்னிதியில் படைத்துவிட்டு, பிறகு மரப்பெட்டியில் துறவிகள் சுமந்து, சமாதிக்கு முன்னுள்ள பாலத்தைக் கடக்கிறார்கள். பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது. பத்தேகால் மணிக்குப் பாலத்தருகே நில்லுங்கள்.