செக்கிங் டேபிளுக்கு ஒரு ஸ்டூல்

கேள்வி: அவிநாசி பக்கம் அப்பா நடத்திய பவர் டேபிள் தையல் யூனிட்டை இப்போது நான் பார்க்கிறேனுங்க அக்கா. 18 மிஷின், தைத்த துணியை நின்றபடி சரிபார்க்கும் செக்கிங்கில் 5 பெண்கள். மதியத்துக்கு மேல் கால் கடுக்கிறது, இடுப்பு பிடிக்கிறது என்கிறார்கள். வாரம் ஒருவராவது லீவு. ஆர்டருக்குத் தகுந்தபடி மிஷின், டேபிள் போட்ட லைனை வேறு மாற்ற வேண்டியிருக்கிறது. வாடகை ஷெட். பெரிய செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, நான் 16 வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் வீங்கிய காலில் குழியாக நிற்கும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை அழுத்தித் தள்ளுவதால்தான் காலுக்கு இறங்கிய ரத்தம் சீராக மேலே ஏறுகிறது. ஒரே இடத்தில் நின்றால் கீழேயே தேங்கும். வருஷக்கணக்கில் நிற்பவர்களுக்கு நரம்பு சுருண்டு புடைப்பதும் இதனால்தான்.

அதற்காக நாள் முழுக்க உட்கார வைத்துவிடாதீர்கள். அது எப்படியிருக்கும் என்று உங்கள் டெய்லர்களைக் கேளுங்கள். கொஞ்சம் நிற்க, கொஞ்சம் உட்கார என்று மாறி மாறி வர வேண்டும். ஏற்றி இறக்குகிற உயர ஸ்டூல் ஐந்து வாங்குங்கள். கால் வைக்க வளையம் இருக்கட்டும்.

அப்புறம் டேபிள். நான் இருந்த ஒரு கம்பெனியில் குனிந்து குனிந்து எனக்குக் கழுத்து வலி, என்னைவிட அரை அடி குட்டையான அக்காவுக்குத் தோள் வலி. இருவருக்கும் ஒரே டேபிள்தான். ஒவ்வொருவரையும் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து டேப் வைத்து அளந்து பாருங்கள். டேபிள் அதற்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருந்தால் சரி. இரும்புக் காலில் வரிசையாகத் துளை போட்டு போல்ட் மாட்டினால் ஆளுக்குத் தக்கபடி ஏற்றி இறக்கலாம். வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள். பிரேக் வைத்த சக்கரமும் போட்டுவிட்டால் லைன் மாறும்போது தள்ளிக்கொண்டு போகலாம், ஷெட் மாறினாலும் கூடவே வரும். டியூப்லைட்டைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், டேபிளோடு வெளிச்சமும் நகரட்டும்.

நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021இல்தான் அது சட்டமானது.

ஆனால் ஸ்டூல் வந்தாலும் முதலில் யாரும் உட்கார மாட்டார்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் எழுந்துவிடுவார்கள். "உக்காந்தே பாருங்க அம்மிணி" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்களை எழுப்பி நிறுத்தியது பெரும்பாலும் அவர் பார்வைதான்.